‘மேலங்கி’ கதையில் அகாகி தன்னை எப்போது இழக்கிறான்?

நிலவன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நிகோலாய் கோகல் எழுதி 1842-இல் வெளிவந்த ‘மேலங்கி’ கதையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. ‘முதன்மைப் பாத்திரத்தின் அடையாள இழப்பும் குறியீடுகளும்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள்.

படித்து நாளாகியிருந்தால் ஞாபகத்துக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் அரசு அலுவலகம். அங்கே அகாகி அகாகியெவிச் என்று ஒரு குமாஸ்தா. காகிதங்களைப் பார்த்துப் படியெடுப்பதுதான் வேலை. ஆண்டுச் சம்பளம் 400 ரூபிள். அவனுடைய பழைய கோட் இனிமேல் ஒட்டுப்போடக்கூடத் தாங்காது என்று தையல்காரர் பெத்ரோவிச் கையை விரித்துவிடுகிறார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 80 ரூபிள் சேர்த்துப் புதுசு தைத்துக்கொள்கிறான். போட்டுக்கொண்ட முதல் நாள் ராத்திரியே பறிகொடுக்கிறான். முறையிடப் போன இடத்தில் ‘முக்கியப் புள்ளி’ ஒருவர் போட்ட அதட்டலில் ஆடிப்போய், காய்ச்சலில் விழுந்து இறந்துவிடுகிறான். அப்புறம் அவனுடைய ஆவி ஊரில் போவோர் வருவோர் தோளிலிருந்தெல்லாம் கோட்டைப் பிடுங்குகிறது.

நான் பார்த்த உரைகள் எல்லாவற்றிலும் ஒரே விளக்கம்தான். கோட் என்றால் அடையாளம். கோட் வந்தது, அடையாளம் வந்தது. கோட் போனது, அடையாளம் போனது, ஆளும் போனான். இதை அப்படியே எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும் என்று தெரியும். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. கோட் வருவதற்கு முன்னால் அந்த மனுஷன் ஒன்றுமே இல்லாதவனாகவா இருந்தான்? படியெடுக்கும்போது அவ்வளவு சந்தோஷப்படுகிறானே, அது யார்? கோட் வந்ததற்கும் போனதற்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பகல், கொஞ்சம் ராத்திரி. அந்த நேரத்துக்குள் ஒருவனுக்கு அடையாளம் வந்து போய்விடுமா? கடைசியில் வருகிற ஆவியை எங்கே வைப்பது என்றும் புரியவில்லை.

கதையை நன்றாகப் படித்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பனுவல்

தம்பி, அந்த விளக்கத்தை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம். கதை நடக்கிற சமூகத்தை வைத்துப் பார்த்தால் அதற்கு வலு இருக்கிறது.

மகா பீட்டர் 1722-இல் ‘தரவரிசைப் பட்டியல்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அரசுப் பணியில் இருக்கும் எல்லோரும் 14 படிகளில் எங்காவது ஒன்றில் நிற்க வேண்டும். அகாகி நிற்பது ஒன்பதாவது படி. கதை வெளிவந்த சமயத்தில் எட்டாவது படிக்கு ஏறிவிட்டால் வம்சாவளியாகப் பிரபுப் பட்டம் கிடைக்கும். 1845-இல்தான் அந்த விதியை மாற்றினார்கள். ஆகவே ஒன்பதாம் படியில் ஆயுள் முழுக்க நிற்பவன் என்றால், கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டவன் என்று அன்றைய வாசகனுக்கு உடனே புரிந்திருக்கும். இயக்குநர்கள் மாறி மாறி வந்தாலும் அகாகி மட்டும் அதே நாற்காலியில் அதே வேலையில் இருந்தான், அதனால் வழுக்கைத் தலையும் சீருடையுமாக அப்படியே பிறந்திருப்பான் என்று மற்றவர்கள் நம்பியதாகக் கோகல் சொல்கிறார். அந்தச் சீருடையையும் கவனியுங்கள். பச்சையாக இருக்க வேண்டியது சாயம் போய்ச் செம்மாவு நிறத்துக்கு வந்துவிட்டது.

அப்படிப்பட்ட இடத்தில் உடம்பின் மேல் என்ன இருக்கிறதோ அதுதான் ஆள். புதுக்கோட்டில் அகாகி வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் அலுவலகமே வாசலுக்கு ஓடிவருகிறது. வாழ்த்துகிறார்கள், விருந்து வை என்கிறார்கள். அதுவரை கடைநிலை ஊழியர்கூட அவன் கடந்துபோனால் எழுந்ததில்லை. இது சமூகம் கொடுக்கிற அடையாளம். கோட்டோடு வருகிறது, கோட்டோடு போகிறது. அதை எழுதுங்கள், தப்பில்லை.

அகாகியின் உள்ளே என்ன இருந்தது என்ற கேள்விக்கு இந்த விளக்கம் போதாது. அங்கே உங்களோடு உடன்படுகிறேன்.

கத்தரிக்கோல்

நான் தையல் தொழிலில் இருப்பவன். இலக்கியம் படித்தவன் இல்லை. இந்தக் கதையை எனக்குக் கொடுத்ததே ஒரு வாடிக்கையாளர்தான். குறியீடு பற்றியெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது, கோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

பழைய கோட்டின் காலர் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தது என்று ஒரு வரி வருகிறது. ஏனென்றால் மற்ற இடங்களில் ஒட்டுப்போட அந்தக் காலரிலிருந்துதான் துணி வெட்டி எடுத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து துணி வாங்க வழியில்லாதவர்கள் உடுப்பின் ஓர் இடத்தை வெட்டித்தான் இன்னொரு இடத்தை மூடுவார்கள். மடித்துத் தைத்த இடத்தைப் பிரிப்பார்கள், உள்பையை எடுப்பார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் எடுக்க இடம் இருக்காது. அந்த மனுஷன் தன் வாழ்க்கையை ஓட்டியதும் அப்படித்தான் என்று எனக்குப் பட்டது. சாயங்கால டீயை வெட்டினான், மெழுகுவத்தியை வெட்டினான், செருப்பு தேயக்கூடாதென்று நுனிக்காலில் நடந்தான், துணி சீக்கிரம் வெளுக்கப் போடக்கூடாதென்று வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக் கழற்றிவைத்தான்.

பெத்ரோவிச் ஒட்டுப்போட மாட்டேன் என்றது பேராசையால் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒட்டு நிற்க வேண்டுமென்றால் சுற்றியிருக்கிற துணியில் உயிர் இருக்க வேண்டும். மக்கிப்போன துணியில் ஊசியை இறக்கினால், ஊசி போன இடமெல்லாம் கிழிசலாகும். அவர் சொன்னது தொழில் நியாயம்.

ஆனால் எனக்கு மறக்க முடியாத இடம் வேறு. புதுக்கோட்டைப் பட்டு நூலால், நெருக்கமான இரட்டைத் தையலில் தைத்திருக்கிறார். ஒவ்வொரு தையலையும் பல்லால் அழுத்தி உருவம் பதித்திருக்கிறார். கூலி 12 ரூபிள். காலையில் தானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, வெளியே வந்து தெருவில் நின்று வெகுநேரம் பார்க்கிறார். அது போதாமல் சந்து வழியாகக் குறுக்கே ஓடி, முன்பக்கத்திலிருந்து இன்னொரு தடவை பார்க்கிறார். அகாகியை ஒருவர் ஆசையாகப் பார்க்கிற இடம் கதையிலேயே அது ஒன்றுதான். அதுவும் பார்ப்பது அவனை இல்லை, கோட்டை.

பெத்ரோவிச்சுக்கும் ஒரு பழங்கதை உண்டு. பண்ணையடிமையாக இருந்த காலத்தில் அவர் பெயர் வெறும் கிரிகோரி. விடுதலைச் சீட்டு கிடைத்த பிறகுதான் ‘பெத்ரோவிச்’ என்று தந்தை பெயரால் அழைக்கப்பட ஆரம்பித்தார். பெயர் வந்தவர் தைத்துக் கொடுக்கிறார், பெயர் இல்லாத மாதிரி இருப்பவன் போட்டுக்கொள்கிறான். இது உங்கள் கட்டுரைக்கு உதவுமா பாருங்கள்.

மை ரிப்பன்

நிலவன், உங்கள் சங்கடம் நியாயமானது. அதை விட்டுவிடாதீர்கள்.

நான் பல வருஷம் மனுக்களும் பிரமாணப் பத்திரங்களும் தட்டச்சு செய்து பிழைத்தவள். அந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. நாள் முழுக்க ‘நான்’ என்று அடித்துக்கொண்டே இருப்போம். மனுதாரராகிய நான், கீழே கையெழுத்திட்டுள்ள நான், என் கணவர், என் நிலம், எனக்கு நேர்ந்த இழப்பு. அதில் ஒரு ‘நான்’கூட அடிப்பவளுடையது இல்லை. விரல் ஓடும், மனசு அமைதியாக இருக்கும். அந்த அமைதி எப்படிப்பட்டது என்று தெரிந்ததால்தான் இந்தக் கதையை நான் வேறு இடத்திலிருந்து படிக்கிறேன். நீங்களும் கோட்டிலிருந்து ஆரம்பிக்காமல், கோட் பேச்சே வராத ஒரு பத்தியிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.

கதையின் முன்பகுதியில் நல்ல மனசுக்கார இயக்குநர் ஒருவர் வருகிறார். இத்தனை வருஷ உழைப்புக்குப் பரிசாக அகாகிக்குப் படியெடுப்பதைவிடக் கொஞ்சம் உயர்ந்த வேலை கொடுக்கச் சொல்கிறார். ஏற்கெனவே தயாரான ஓர் ஆவணம். தலைப்பை மாற்ற வேண்டும். அங்கங்கே வினைச்சொற்களைத் தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான். அகாகிக்கு வியர்த்துக் கொட்டுகிறது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம், படியெடுக்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டுவிடுகிறார். அதோடு அந்த முயற்சி முடிந்தது.

இதை அவருடைய திறமைக் குறைவு என்று படித்துவிட்டுப் பலரும் தாண்டிப்போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்மையைப் படர்க்கையாக்க வேண்டுமென்றால் யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ‘நான்’ எங்கே நிற்கிறது என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். படியெடுப்பவருக்கு அது தேவையே இல்லை. கோகல் அகாகியின் நெற்றியில் வியர்வை வரவழைத்தது சரியாக அந்த இடத்தில். அடையாளம் பற்றிய கதை என்று சொல்ல எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அவர் பேசுவதையும் கேளுங்கள். இடைச்சொற்களும் அசைச்சொற்களுமாக, பொருளே இல்லாத துண்டுகளாகத்தான் பேசுவார். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, சொல்லி முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். இந்தக் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று போரிஸ் ஐகன்பாம் எழுதி 1919-இல் வெளியான பெயர்பெற்ற கட்டுரை ஒன்று இருக்கிறது. பெயர்களின் ஓசை, பேச்சின் திக்கல், சொல்பவரின் குரல் மாற்றம் இவற்றால்தான் கதை நகர்கிறது என்பது அவர் வாதம். கிடைத்தால் படியுங்கள், பாத்திரத்தின் நாக்கைக் கவனிக்கக் கற்றுக்கொடுக்கும்.

பெயரையும் இதோடு சேருங்கள். பிறந்ததும் நாட்காட்டியைப் புரட்டிப் புரட்டி வாயில் நுழையாத பெயர்களாகச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. சரி, அப்பா பெயரையே வைத்துவிடுவோம் என்று அகாகிக்கு அகாகி என்றே வைத்துவிடுகிறாள். ஆளே ஒரு பிரதியாகத்தான் ஆரம்பிக்கிறார்.

ஆனால் இதனால் அவர் ஒன்றுமில்லாதவர் ஆகிவிடவில்லை. நீங்கள் கேட்ட ‘அது யார்?’ என்பதற்குப் பதில் அவர் கையில் இருக்கிறது. அவருக்குப் பிடித்த எழுத்துக்கள் சில உண்டு. அவை வரும்போது சிரிப்பார், கண்ணடிப்பார், உதட்டை அசைப்பார். முகத்தைப் பார்த்தே பேனா எந்த எழுத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாமாம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, தனக்கென்று, வெறும் ஆசைக்காக ஒரு பிரதி எடுத்துக்கொள்வார். தெருவில் நடக்கும்போதுகூடத் தன் நேர்த்தியான வரிகளுக்குள்தான் இருப்பார். எங்கிருந்தோ ஒரு குதிரை மூக்கைத் தோளில் வைத்து மூச்சு விட்டால்தான், வரியின் நடுவில் இல்லை, தெரு நடுவில் நிற்கிறோம் என்று தெரியும். வாயில் இல்லாத ‘நான்’ கையில் இருக்கிறது. சின்னதுதான், ஆனால் முழுசாக அவருடையது.

அதனால் இழப்பு கொள்ளையர்கள் வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது என்பது என் வாசிப்பு. புதுக்கோட்டின் நினைப்பிலேயே இருக்கும் மாதங்களில் ஒருநாள், படியெடுக்கும்போது தப்பு செய்யப் பார்க்கிறார். கிட்டத்தட்ட வாய்விட்டு அலறிவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொள்கிறார். ஆயுளில் எழுத்தை விட்டு வேறெதிலும் கண் போகாத மனுஷன்! பிறகு கோட் வந்த அன்று, சாப்பாடு முடிந்ததும் ஒரு வரிகூட எழுதாமல் கட்டிலில் சொகுசாகச் சாய்கிறார். அதுவரை எல்லாச் சாயங்காலமும் அவருடையதாக இருந்த வேலை அந்த ஒரு வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. கடைசி ஜன்னியைப் பாருங்கள். பெத்ரோவிச் வருகிறார், கட்டிலுக்கடியில் திருடர்கள் வருகிறார்கள், முக்கியப் புள்ளி வருகிறார், கோட் வருகிறது. பிடித்த எழுத்து ஒன்றுகூட வரவில்லை.

இறந்த பிறகு மிஞ்சிய சொத்து: வாத்து இறகுப் பேனா ஒரு கட்டு, அலுவலக வெள்ளைத்தாள் கொஞ்சம், மூன்று ஜோடி காலுறை, கால்சட்டையிலிருந்து கழன்ற இரண்டு மூன்று பொத்தான், அந்தப் பழைய கோட். பட்டியலில் முதலில் வருவது பேனாவும் தாளும். அலுவலகத்துக்குச் செய்தி தெரிவதற்குள் புதைத்து நான்கு நாள் ஆகிவிட்டது. மறுநாளே அவர் இடத்தில் இன்னொரு குமாஸ்தா. ஆள் உயரம், எழுத்து மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்திருக்கும். அகாகி எழுதிய நேரான எழுத்துக்காக அந்த அலுவலகம் செலுத்திய அஞ்சலி என்று எனக்கு அந்த வரி படும்.

அலையோசை

மை ரிப்பன் அம்மா, நீங்கள் எழுதியது எல்லாம் கதையில் இருக்கிறது. ஆனாலும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மனுஷன் சந்தோஷமாக இருந்த சில மாதங்களையும் ‘இழப்பு’ என்று எழுதிவிட்டால் அவனுக்கு மிச்சம் என்ன?

கோட் வரப்போகிறது என்ற நினைப்பில் அவனுக்கு என்ன நடந்தது என்று கோகல் ஒளிக்காமல் சொல்கிறார். கலியாணம் ஆனவன் மாதிரி, கூடவே ஒரு துணை இருக்கிற மாதிரி ஆகிறான். நடையிலும் முகத்திலும் இருந்த தயக்கம் போகிறது. குணம் உறுதிப்படுகிறது. கண்ணில் நெருப்பு வருகிறது. காலருக்கு மார்ட்டன் ரோமமே வைத்துவிட்டால் என்ன என்ற அளவுக்குத் தைரியம் வருகிறது. கடைசியில் கட்டுப்படியாகாமல் பூனை ரோமம்தான் வைத்தார்கள். இருந்தாலும் ஆசைப்பட்டானே! விருந்துக்குப் போகும்போது கடை ஜன்னலில் ஒரு படத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். திரும்பும்போது ஒரு பெண்ணின் பின்னால் ஏனென்று தெரியாமல் கொஞ்ச தூரம் ஓடக்கூடச் செய்கிறான். இது எதுவும் அந்த நேரான எழுத்துக்குள் நடக்காது. கோட் போன பிறகும், அதிகாரியை நேரில் பார்த்தே தீருவேன் என்று ஆயுளில் முதல் தடவையாக நின்று பேசுகிறான். வெளியே வந்து ஆசைப்பட்டவனுக்குத்தான் ‘நான்’ இருக்கிறது.

இன்னொன்று. 1846-இல் வந்த தஸ்தயேவ்ஸ்கியின் முதல் நாவலான ‘ஏழை எளியவர்கள்’ கதையில் வரும் மகார் தேவூஷ்கின் என்ற குமாஸ்தாவும் படியெடுப்பவன்தான். அவன் இந்த ‘மேலங்கி’யைப் படித்துவிட்டுக் கோபப்படுகிறான். தன் அறைக்குள் யாரோ எட்டிப் பார்த்து எழுதிவிட்டார்கள் என்று அவமானப்படுகிறான். ஏழைக் குமாஸ்தாவுக்கு அடையாளம் இருந்ததா இல்லையா என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்லும்போது அந்தக் கோபத்தை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மை ரிப்பன்

அலையோசை, தேவூஷ்கினைக் கொண்டுவந்ததற்கு நன்றி. அவனுடைய கோபம் எனக்கு நன்றாகப் புரியும். அதனால்தான் படியெடுப்பதில் கிடைக்கும் சந்தோஷத்தை ‘ஒன்றுமில்லாத வாழ்க்கை’ என்று யாராவது எழுதினால் எனக்குப் பொறுக்கவில்லை.

அகாகி அந்த மாதங்களில் சந்தோஷமாக இருந்தார், ஆசைப்பட்டார், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் புது ஆள் எதன் மேல் நிற்கிறார் என்று பாருங்கள். தானே தனக்காக எழுதும் எழுத்தை யாராலும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது. இளம் குமாஸ்தாக்கள் தலையில் காகிதத் துணுக்குகளைக் கொட்டிக் கேலி செய்தபோதும் அவர் எழுத்தில் பிழை வரவில்லை. கோட்டையோ ஒரு நொடியில் பிடுங்கிவிடலாம். விருந்தில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரவாரமாக வரவேற்று, முன்கூடத்துக்குப் போய்க் கோட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு, அவரையும் கோட்டையும் விட்டுவிட்டுச் சீட்டு மேசைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் கிளம்பும்போது அந்தக் கோட் தரையில் கிடக்கிறது. எடுத்து உதறி, ஒட்டியிருந்த ஒவ்வொரு பிசிறையும் நீக்கிவிட்டுப் போட்டுக்கொள்கிறார். கத்தரிக்கோல் ஐயா சொன்ன அந்தச் சந்து ஓட்டத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

நிலவன்

இரண்டு பேரும் சொல்வதில் எந்தப் பக்கம் நிற்பது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறது. அம்மா, தன்மையும் படர்க்கையும் பற்றிச் சொன்னீர்களே, அது அந்த ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறதா? கதையின் பின்பாதியில் அதற்கு ஏதாவது தொடர்ச்சி இருக்கிறதா? முக்கியப் புள்ளியும் ஆவியும் அதில் எங்கே வருகிறார்கள்?

மை ரிப்பன்

இருக்கிறது. நல்ல கேள்வி கேட்டீர்கள்.

இருட்டுச் சதுக்கத்தில் மீசைக்காரர்கள் சூழ்ந்துகொள்ளும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். ஒருவன் காலரைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கோட் என்னுடையது என்கிறான். அதுவரை அகாகியின் வாயில் அந்தக் கோட்டைப் பற்றி இவ்வளவு உரத்த ‘என்னுடையது’ வரவே இல்லை. ‘என்னுடையது’ என்ற சொல் முழங்கும்போது அது கொள்ளைக்காரன் வாயில் இருக்கிறது. அகாகி கத்த வாய் திறப்பதற்குள், குமாஸ்தா தலையளவு பெரிய முஷ்டி ஒன்று வாய்க்கு நேரே வந்து நிற்கிறது. கோட்டோடு சேர்த்துத் தன்மையையும் பறித்துக்கொண்டு போகிறார்கள்.

அப்புறம் முக்கியப் புள்ளி. அவருக்குக் கதையில் பெயரே கிடையாது. சமீபத்தில்தான் முக்கியமானவர் ஆனார், அதுவரை முக்கியமில்லாதவராக இருந்தார் என்று மட்டும் சொல்கிறார் கோகல். பதவி கிடைப்பதற்கு ஒரு வாரம் முன்பே தனியறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று குரலைப் பழகிக்கொண்டவர் அவர். கீழே இருப்பவர்களிடம் அவர் பேசுவது பெரும்பாலும் மூன்றே வாக்கியங்கள்: எவ்வளவு துணிச்சல் உனக்கு, யாரிடம் பேசுகிறாய் தெரியுமா, உன் முன்னால் நிற்பது யார் என்று புரிகிறதா. அடிப்படையில் நல்ல மனுஷர்தான், பதவி அவரைக் குழப்பிவிட்டது என்றும் கதை சொல்கிறது. ஐம்பதைத் தாண்டிய அகாகியைப் பார்த்து, இந்தக் காலத்து இளைஞர்களே இப்படித்தான் என்று அவர் அதட்டுகிறார். எதிரே நிற்பவரின் வயதுகூட அவர் கண்ணில் படவில்லை. யாரிடம் பேசுகிறாய் தெரியுமா என்று கேட்கிறவருக்கே தாம் யார் என்பது படித்து ஒப்பிக்கிற பாடமாகத்தான் இருக்கிறது. ஆகவே அடையாள இழப்பை ஏழைக் குமாஸ்தாவின் நோயாக மட்டும் எழுதாதீர்கள், அந்த ஏணியின் மேல்படியிலும் அது இருக்கிறது.

பெத்ரோவிச்சின் பொடி டப்பாவை யாரும் இங்கே சொல்லவில்லையே! அதன் மூடியில் ஒரு தளபதியின் படம். எந்தத் தளபதி என்று தெரியாது, ஏனென்றால் முகம் இருந்த இடம் விரல் பட்டு ஓட்டையாகி, அதன் மேல் சதுரமாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. புதுக்கோட் தைக்க வேண்டும் என்று பெத்ரோவிச் சொன்னதும் அகாகிக்குக் கண் மங்குகிறது. அறையில் தெளிவாகத் தெரிவது காகித முகத்தோடு அந்தத் தளபதி மட்டும். வரப்போகிற முக்கியப் புள்ளியை அவர் அங்கேயே பார்த்துவிட்டார். ஒரு குறியீடு கதைக்குள் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட எனக்கு இதுதான் பிடித்த இடம். டப்பா டப்பாவாகவே இருக்கிறது, அதில் பொடி இருக்கிறது, பெத்ரோவிச் பொடி போடுகிறார். இது இதற்குச் சமம் என்று எழுதிவிட்டால் இதெல்லாம் நசுங்கிவிடும். அந்தப் பொருள் ஒவ்வொரு காட்சியிலும் என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

இனி ஆவி. முக்கியப் புள்ளி சறுக்குவண்டியில் போகும்போது அது காலரைப் பிடிக்கிறது. உன் கோட்தான் எனக்கு வேண்டும், என்னுடையதற்காக நீ எதுவும் செய்யவில்லை, அதட்டவும் செய்தாய், இப்போது உன்னுடையதைக் கொடு என்கிறது. எனக்கு, என்னுடையது, உன்னுடையது. உயிரோடு இருந்தபோது வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவர் இங்கே முடிக்கிறார். நடுவில் பழைய திக்கல் ஒன்று எட்டிப் பார்க்கிறது, இருந்தாலும் முடித்துவிடுகிறார். தன்மையில் பேச இறந்துபோக வேண்டியிருந்தது.

அலையோசை

இதை நான் முழு மனசோடு ஏற்கிறேன். ஆனால் அந்தக் கடைசிப் பத்தி என்னை விடவில்லை. முக்கியப் புள்ளியின் கோட் தோளுக்குப் பொருந்திவிட்டது போலும், அதன் பிறகு அந்தக் குமாஸ்தாவின் ஆவி வரவில்லை என்று சொல்லிவிட்டு, கோகல் இன்னோர் ஆவியைக் காட்டுகிறாரே. காவல்காரன் பின்தொடர்கிறான். அது திரும்பி, என்ன வேண்டும் என்று முஷ்டியைக் காட்டுகிறது. அதற்குப் பெரிய மீசை, உயரமும் அதிகம். அந்த முஷ்டியையும் மீசையையும் நாம் முன்பே சதுக்கத்தில் பார்த்திருக்கிறோம். அப்படியென்றால் அகாகி கடைசியில் தன்னைக் கொள்ளையடித்தவன் மாதிரியே ஆகிவிட்டானா? ‘என்னுடையது’ என்று சொல்லக் கற்றுக்கொண்டதே அவனிடமிருந்துதானா?

பனுவல்

அல்லது அது கொள்ளைக்காரனேதான், ஊர் அவனை ஆவி என்று நினைத்துக்கொண்டது என்றும் படிக்கலாம். உயரமும் மீசையும் அதற்குத்தான் இடம் கொடுக்கின்றன. அப்படிப் படித்தால் அகாகியின் ஆவியைப் பற்றிய வதந்தியையும் இன்னொருவன் போட்டுக்கொண்டு திரிகிறான் என்றாகிறது. இரண்டுக்கும் கதையில் ஆதாரம் இருக்கிறது. கட்டுரையில் இரண்டையும் எழுதி, நீங்கள் எதை எடுத்துக்கொள்கிறீர்கள், ஏன் என்று சொல்லுங்கள் நிலவன்.

நிலவன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. வினைச்சொல்லை மாற்றச் சொல்லும் பத்தியில் ஆரம்பிக்கிறேன். அடுத்து காலரை வெட்டி ஒட்டுப்போட்டது, பொடி டப்பா, சதுக்கத்தில் கேட்ட ‘என்னுடையது’, பிறகு ஆவி. அலையோசை சொன்ன அந்தச் சந்தோஷ மாதங்களை விடப் போவதில்லை. அவற்றை எங்கே வைப்பது என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை. மை ரிப்பன் அம்மாவின் வாதத்துக்குப் பிறகு வைத்தால் மறுப்பு மாதிரி ஆகிறது, முன்னால் வைத்தால் அந்த ‘ஒரு வரிகூட எழுதவில்லை’ என்ற இடம் இன்னும் வலிக்கிறது. முன்னால் வைத்து எழுதிப் பார்க்கிறேன்.

கத்தரிக்கோல் ஐயா, மக்கிய துணியில் ஊசி இறங்காது என்று நீங்கள் சொன்னதை உங்கள் பேரில் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாமா?

கத்தரிக்கோல்

தாராளமாகச் சேருங்கள் தம்பி. பேர் வேண்டாம், தையல்காரர் ஒருவர் சொன்னார் என்று போட்டால் போதும். ஒரு திருத்தம்: ஊசி இறங்கும், நூலை இழுக்கும்போதுதான் துணி கையோடு வந்துவிடும். அப்படியே எழுதுங்கள்.